சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்த இலக்கம்

என் மனைவியின் தங்கையுடைய கணவன் எனக்குச் சகலன். அவன் லண்டனுக்கு வந்த நாளில் ஹீத்ரோவிலிருந்து ஏற்றி வந்தது நான். எங்கள் மோர்டன் வீட்டுச் சோபாவில் எட்டு மாதம் படுத்தவன், இன்று செவன் கிங்ஸில் ஐந்து அறை வீடும் இரண்டு பெற்றோல் நிலையங்களும் வைத்திருக்கிறான். நான் இருபத்தாறு வருடமாக அதே பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்துகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். கொண்டாட்ட வீடுகளில் அவன் புதுக் காரில் வந்து இறங்கும்போது சிரித்த முகத்தோடுதான் நிற்பேன். என்னைத் தேற்றிக்கொள்ள என்னிடம் ஒன்று இருந்தது. அந்தக் கார் இருமினால் அவன் எனக்குத்தான் போன் எடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பெற்றோல் விற்கிறவனுக்கு அது எஞ்சினுக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் நான் மேலே, அவன் கீழே. அது எனக்குப் போதுமாக இருந்தது, அந்த மோட்டார் சைக்கிள் வரும்வரை.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். அவரிடம் ஐம்பதுகளில் செய்த ஒரு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. இரட்டைச் சிலிண்டர், வெள்ளி நிறப் பெற்றோல் தாங்கி, உட்காரும் இடத்தில் கறுப்புத் தோல். வெயில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணுவார். முதலில் கார்புரேட்டரின் சின்னப் பித்தானை விரல் நனையும்வரை அழுத்த வேண்டும். பிறகு காலால் ஒரே உதை. அந்தச் சத்தம் கேட்டால் நான் கையில் இருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு வேலியடிக்குப் போய்விடுவேன். பதினான்கு வருடம் போனேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் கால் ஏலாமல் போனபோது உதைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். விற்பீர்களா என்று ஒரே ஒருமுறை கேட்டேன். தான் இருக்கும்வரை விற்கமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். ஒரு மனிதர் எப்போது போவார் என்று காத்திருப்பது அழகான காரியம் இல்லை. ஆனாலும் காத்திருந்தேன்.

இந்த வருடம் மாசியில் அவர் போனார். செத்த வீட்டுக்குப் போனேன், பூ வைத்தேன், அவருடைய மனைவியின் கையைப் பிடித்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் பைக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. முப்பத்தொன்று கழியட்டும் என்று நினைத்தேன். நம்மவர் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டில் கொடுக்கல் வாங்கல் கதைப்போமா? மாட்டோம். சமையலறைக் காலண்டரில் நாளை எண்ணி வட்டம் போட்டு வைத்தேன். முப்பத்தொன்று என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்கு நான் அந்திரட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சகலனின் மகளுடைய பிறந்தநாளில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் அந்தப் பைக்கைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தேன். அதன் சத்தத்தை வாயால் செய்துகூடக் காட்டினேன். சகலன் கோழிக்காலைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எந்த வீடு என்று கேட்டான். சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு, சேர்ட்டை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு கிழவியின் கதவைத் தட்டினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். கராஜுக்குள் வெறும் எண்ணெய்க் கறைதான் இருந்தது. அடக்கம் முடிந்து நாலாம் நாளே என் உறவுக்காரர் வந்துவிட்டாராம். பெரிய பூங்கொத்தாம், நல்ல மனிதராம். நான் பைக்கைக் கேட்டு வருவேன் என்று கிழவி ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தாராம். வராததால் எனக்கு விருப்பம் இல்லை என்று நினைத்தாராம். வந்தவர் என் சகலன் என்று சொன்னதும், எப்படியோ அந்தக் குடும்பத்துக்குத்தானே போகிறது என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டாராம்.

கேக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து காலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

"நாலாம் நாளோ?" என்றாள். பிறகு, "ஆனால் அவர் உங்களிட்டைப் பறிக்கேல்லையே. நீங்கள் கேக்கேல்லை, அவர் கேட்டார்" என்றாள்.

"முப்பத்தொண்டு கழியாமல் எப்பிடிக் கேக்கிறது?"

"அந்த வெள்ளைக்கார மனுசி என்ன முப்பத்தொண்டு எண்ணிக்கொண்டே இருந்தவ? சும்மா போங்கோ. உங்களுக்கு வயிறு எரியுது, அவ்வளவுதான்."

ஓம், எரிந்தது. அவனுடைய வீடு எரிக்கவில்லை, பெற்றோல் நிலையம் எரிக்கவில்லை, இது எரித்தது. டிப்போவில் பஸ்ஸுக்குக் கீழே படுத்திருக்கும்போது, அவன் அந்தப் பித்தானை எப்படி அழுத்துவான், விரல் நனைந்ததும் விட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் யோசனை ஓடும். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பிறந்தநாள் வீட்டில், வாயால் சத்தம் போட்டு.

சித்திரை பிறந்த பிறகு சகலன் போன் எடுத்தான். அவன் குரலில் எப்போதும் ஒரு தேன் இருக்கும்.

"அண்ணை, உந்தப் பழைய பைக்குகளிலை எஞ்சினை மாத்திப் போடுவாங்களாம் எண்டு எல்லாரும் வெருட்டுறாங்கள். நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும். நான் ஆரையும் நம்ப மாட்டன், நீங்கள் சொன்னால் சரி. அசல் எஞ்சின் எண்டால் இதை என்ரை உயிர் போகும்வரைக்கும் வைச்சிருப்பன். ஒட்டு எண்டால் எனக்கு உந்தப் பைக்கே வேண்டாம்."

மூர்கேட்டில் ரெயில் மாறி செவன் கிங்ஸ் போய்ச் சேரும் வரையில் அந்தக் கடைசி வசனம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டு என்றால் வேண்டாம். ஒரு சொல்லில் இருக்கிறது எல்லாம். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவன் இந்த முழு லண்டனில் அவனுக்கு நான் ஒருவன்தான்.

பைக் அவனுடைய கராஜில் கம்பளத்தின்மேல் நின்றது. கம்பளம்! கைபிடியில் கண்ணூறு படாமல் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தான். அந்தக் கண்ணூறு ரெயில் ஏறி வந்து அதன் முன்னாலேயே நின்றது. கோயிலில் பூசையும் செய்வித்திருந்தான். ஐயர் முன்விளக்குக்கு ஒரு பொட்டு, தாங்கிக்கு ஒரு பொட்டு, எஞ்சினுக்கு ஒரு பெரிய பொட்டு என்று சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். எஞ்சினில் பொட்டு வைக்கத் தட்டையான இடம் ஒன்றுதான் உண்டு. இடப்பக்கம், சிலிண்டரின் அடியில், தீப்பெட்டியளவு மேடை. எஞ்சின் இலக்கம் குத்தப்பட்டிருப்பது அங்கேதான்.

"இலக்கம் என்ன எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. வாங்கின உடனை நேரை கோயிலுக்குத்தான் கொண்டு போனனான். பிறகு பாத்தால் சந்தனம். சாமிக்கு வைச்சதைச் சுரண்டக் கூடாதெல்லே?" என்றான். பதிவுப் புத்தகத்திலும் எஞ்சின் இலக்கம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பைக்கின் எலும்புக்கூடான இரும்புச் சட்டத்தின் இலக்கம் மட்டும்தான் இருந்தது.

வேலையை முறைப்படி தொடங்கினேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, சில்லை மெதுவாக உருட்டி, பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அடையாளம் வைத்து அளந்தேன். ஐந்நூறு சீசீ எஞ்சினுக்கு இருக்கவேண்டிய அளவு சரியாக இருந்தது. சிலிண்டரில் காந்தத்தை வைத்தேன், இரும்பு, பிடித்துக்கொண்டது. அடிப்பெட்டியின் இரண்டு பாதிகளும் ஒரே வார்ப்பு, ஒரே நிறம். சகலன் பக்கத்தில் குந்தியிருந்து, சத்திரசிகிச்சை பார்க்கிற ஆள்போல வாயைத் திறந்து பார்த்தான். அந்த அரை மணித்தியாலமும் நான் மறுபடி மேலே இருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

தேத்தண்ணி கொண்டுவர அவன் உள்ளே போனான். நான் சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன்.

இந்தப் பைக்கைச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் எஞ்சினிலும் சட்டத்திலும் ஒரே இலக்கத்தைக் கையால் குத்துவார்கள். சட்டத்தின் இலக்கம் விளக்குக்குப் பின்னால், கழுத்துக் குழாயில் இருக்கும். அதில் ஒரு ஏழு இருந்தது. குத்திய உளியின் நுனி எங்கேயோ உடைந்திருக்க வேண்டும், அந்த ஏழின் கால் பாதியில் முறிந்து நின்றது. குனிந்து சந்தனத்துக்குக் கீழே பார்த்தேன். அதே இலக்கம். அதே ஏழு, அதே முறிந்த கால். எழுபது வருடத்துக்கு முன்னர் ஒரே மனிதன் ஒரே உளியால் ஒரே நாளில் குத்தியது. கிழவர் ஒரு ஆணியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அசல். அசலிலும் அசல்.

அடுப்படியில் கோப்பைச் சத்தம் கேட்டது. நான் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, உதிர்ந்த சந்தனப் பொடியைக் குழைத்து இலக்கத்தின்மேல் திரும்பப் பூசினேன். சாமிக்கு வைத்த சந்தனத்தில் என் எச்சில்.

சகலன் தேத்தண்ணியோடு வந்து என் முகத்தைப் பார்த்தான்.

"எஞ்சினிலையும் சட்டத்திலையும் ஒரே இலக்கம் இருக்கவேணும். சந்தனத்தின்ரை விளிம்பாலை எட்டிப் பாத்தனான், இதிலை வேறை. ஒட்டு எஞ்சின்" என்றேன்.

அவன் கோப்பையைக் கம்பளத்தில் வைத்தான். பெற்றோல் நிலையத்தில் கள்ளன் புகுந்த அன்றுகூட அவன் முகம் அப்படி விழவில்லை. எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதை மறைக்கப் பிளக்கைத் திரும்பப் பூட்டினேன்.

"அப்ப உது உமக்கு வேண்டாமெண்டால் என்னட்டைத் தாரும். சும்மா திருத்தி வைச்சுக்கொள்ளுறன்" என்றேன், வேண்டா வெறுப்பாகச் சொல்வதுபோல.

"ஐயோ அண்ணை!" என்று என் தோளைப் பிடித்தான். "ஒட்டு எஞ்சின் பைக்கை உங்களுக்குத் தாறதோ? என்னை எட்டு மாதம் வைச்சுச் சோறு போட்ட மனுசன் நீங்கள். அப்பிடிச் செய்வனே? வித்தாலும் அந்த மனுசிக்குத் துரோகம். இல்லை, அசல் எஞ்சினைத் தேடிப் பிடிப்பன். நீங்கள் சொல்லிப்போட்டியள், இனி நான் பாத்துக்கொள்ளுறன்."

தேடவே முடியாது, அது கிடைக்காத சாமான், வீண்வேலை என்று எவ்வளவோ சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஒன்றுமில்லாமல் வந்து இரண்டு பெற்றோல் நிலையம் எடுத்தவன், ஒரு எஞ்சினுக்கா சளைப்பான்?

அடுத்த இரண்டு மாதமும் எனக்குப் பெரும் புகழ். பிளேஸ்டோவில் ஒரு கலியாண வீட்டில் அவன் என்னைப் பிடித்து நிறுத்தி, சுற்றி நின்றவர்களுக்குக் கதை சொன்னான். "அண்ணை ஒரு பார்வைதான்! வெள்ளைக்காரனாலை கண்டுபிடிக்க ஏலாததை அரை மணித்தியாலத்திலை பிடிச்சிட்டார்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் காரைப் பார்க்க வரச் சொல்லி நம்பர் வாங்கினார். என் மனைவி பெருமையோடு சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். இத்தனை வருடம் எந்தச் சபையில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது? பாயசக் கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய வான் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து பலகை போட்டுப் பைக்கை இறக்கினான். எஞ்சின் பளபளத்தது.

"கிடைச்சிட்டுது அண்ணை! பழைய பைக் சாமான் விக்கிற ஒருத்தனைப் பிடிச்சன். சட்டத்தின்ரை இலக்கத்தைக் குடுத்தன். ரெண்டு மாதம் நாடு முழுக்கத் தேடி, அதே இலக்க எஞ்சினைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்து பூட்டிக் குடுத்திட்டான். அதே இலக்கம்! பாருங்கோ!"

பார்த்தேன். நேற்று அடித்த மாதிரிப் புத்தம் புது இலக்கங்கள், கோடு போட்டு எழுதியதுபோல வரிசையாக நின்றன. ஏழு முறியாத முழுக் காலோடு நிமிர்ந்து நின்றது. இலக்கத்தைக் கேட்டவனுக்கு அந்த இலக்கத்தையே குத்திக் கொடுத்திருக்கிறான். அந்த இலக்கத்தோடு பிறந்த எஞ்சின் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

சத்தம் கேட்டு நாலு வீடு தள்ளிக் கிழவி வெளியே வந்தார். சகலன் அவருக்காகத் தெருவில் ஒரு சுற்று ஓடிக் காட்டினான். கிழவி கை தட்டிவிட்டு, தலையைச் சரித்துக் கேட்டார். சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே, இது அவருடைய சத்தம் இல்லையே என்றார்.

"பாவம், வயசு போட்டுது" என்று சகலன் என் காதுக்குள் சொன்னான். பிறகு, ஐயர் வந்து தட்டை நீட்டும்போது நிற்பதுபோல என் முன்னால் நின்றான். "சொல்லுங்கோ அண்ணை. இது அசல்தானே? நீங்கள் சொன்னால்தான் எனக்கு நித்திரை வரும்."

மனைவி வாசலில் நின்றாள். கிழவி வேலியில் கை வைத்துப் பார்த்தபடி நின்றார்.

"ஓம். அசல்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு வானுக்குள் ஏறி, சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி விளிம்புக்கு இழுத்தான்.

"இது உங்களுக்கு. பழைய ஒட்டு எஞ்சின். அந்தக் கடைக்காரன் இதைத் தா, காசைக் குறைக்கிறன் எண்டு கெஞ்சினவன். நான் மாட்டன் எண்டிட்டன். எங்கடை அண்ணை கழட்டிப் பூட்டி விளையாடுவார், அவருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் என் தோட்டக் கொட்டிலில் வைத்தோம். அவன் போன பிறகு சாக்கை விலக்கினேன். சந்தனம் இன்னும் இருந்தது. நான் பூசிய இடம் மட்டும் நிறம் மாறிக் கறுத்திருந்தது. துடைத்தேன். முறிந்த கால் ஏழு வெளியே வந்தது.

எழுபது வருடம் ஒன்றாக இருந்ததை நான் ஒரு சொல்லால் பிரித்திருக்கிறேன். உடல் செவன் கிங்ஸில் கம்பளத்தின்மேல் நிற்கிறது, உயிர் மோர்டனில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாக்கில் கிடக்கிறது. இதைச் சொன்னால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இப்போதும் அவன் அந்தப் பைக்கில் ஓடுகிற வீடியோவை அனுப்பினால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. பொய் எஞ்சினில் ஓடுகிறவன் என்னைவிட நிம்மதியாக ஓடுகிறான் என்று எரிகிறது.

"என்ன, எஞ்சின் தந்தும் முகம் நீண்டு போயிருக்கு?" என்று மனைவி கொட்டில் வாசலில் வந்து கேட்டாள். "நல்ல மனுசன். எதைக் கண்டாலும் அண்ணைக்கு எண்டு கொண்டு வாறார்."

"ஓம்" என்றேன்.

திரும்ப மாற்றிப் பூட்ட ஒரு பகல் போதும். எனக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் செவன் கிங்ஸுக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். முப்பத்தொரு நாள் கழியட்டும், சொல்கிறேன் என்று எனக்கு நானே தவணை வைத்தேன். புதுக் காலண்டரில் வட்டமும் போட்டேன். அந்த நாள் போய் இன்றோடு பதினொரு நாள்.